ஏழாவது பெயர்

லீனாவின் தையல் வகுப்பு பெங்களூர் விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்தெருவில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. வார நாட்களில் பெண்கள் அங்கே பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வேலை நடந்தது. போன வருடம் ஆகஸ்டில் பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கார்மெண்ட்ஸில் தீப்பிடித்து ஆறு பெண்கள் இறந்துபோனார்கள். அந்த ஆறு வீட்டுப் பெண்களும் மாடியேறி வந்து, இறந்தவர்களின் துணிகளை வெட்டி இணைத்து ஒரே பெரிய போர்வையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருட நினைவு நாளன்று அதை அந்தக் கட்டடத்துக்கு எதிரே விரித்துப் பிடிப்பதாக ஏற்பாடு.

யோசனை லீனாவுடையது. இறந்தவர்களில் ஆஞ்சலா அவளிடம் தையல் கற்றவள். விபத்து நடந்த வாரம் மெழுகுவர்த்தி ஊர்வலம் போனார்கள், யூனியன்காரர்கள் அந்த ஆறு பேரின் படம் போட்ட பேனர் கட்டினார்கள். சில வாரங்கள் கழித்து அந்த பேனரை ஒரு தள்ளுவண்டிக்காரர் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்ததை லீனா பார்த்தாள். அவரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. "அவங்க ஆறு பேரும் செஞ்சது தையல் வேலை. நமக்கும் தைக்கத் தெரியும். நாமளே ஒண்ணு செய்யலாம்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

தைப்பதைவிட வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆஞ்சலாவின் அம்மா அல்போன்சா, மகள் சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கியபோது போட்ட வெள்ளை கவுனை எடுத்துவந்திருந்தாள். கத்தரியைக் கையில் எடுப்பாள், கீழே வைப்பாள், கவுனை மறுபடி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். பல வாரம் அப்படியே போனது. ஒரு நாள் ரத்னம்மா, கோலார் பக்கத்துக்காரி, அவளும் மகளைப் பறிகொடுத்தவள், எதிரே வந்து உட்கார்ந்து கவுனின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். "நான் பிடிக்கறேன். நீ வெட்டு" என்று கன்னடத்தில் சொன்னாள். அல்போன்சா வெட்டினாள். வெட்டி முடித்ததும் இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு லீனா கீழே போய் டீ வாங்கி வந்தாள்.

சாந்தகுமாரி இழந்தது தங்கையை. திருவண்ணாமலைப் பக்கமிருந்து பெங்களூருக்கு முதலில் வந்தவள் சாந்தகுமாரிதான். ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய கார்மெண்ட்ஸில் டெய்லர். கணவர் கோவிந்தராஜன் ஆட்டோ ஓட்டினார். அம்மா போனபிறகு தங்கை பிரபாவையும் கூட்டிவந்து தங்களோடு வைத்துக்கொண்டார்கள். பிரபா வந்த சில மாதங்களிலேயே தண்ணீர் லாரிக்காரர்களோடு சண்டை போட்டே கன்னடம் கற்றுக்கொண்டாள். இத்தனை வருடம் இருந்தும் அக்காவுக்குத் தெரியாத தெருக்களெல்லாம் அவளுக்குத் தெரியும், எல்லாத் தெருவிலும் அவளுக்கு ஆளும் தெரியும். வீட்டுக்குப் பக்கம் என்று அந்தச் சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். குழந்தைகள் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழ்த்தளத்தில் துணி அடுக்கியிருந்த அறையில் தீப்பிடித்தது. முன்பக்கப் படியில் புகை நிறைவதற்குள் பலர் இறங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த ஆறு பேர் பின்பக்கப் படிக்கு ஓடினார்கள். அந்தப் படியின் கீழே இரும்பு கேட் இருந்தது. துணி திருட்டுப் போகிறதென்று முதலாளி அதைப் பூட்டியே வைக்கச் சொல்லியிருந்தார். பூட்டுகிறவர் வாட்ச்மேன் முனிராஜ். சாவி அவரிடம்.

தீப்பிடித்தபோது முனிராஜ் முன் கேட்டில் இருந்தார். கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குள் அவர் ஓடியதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். ரோட்டுப் பக்கம் ஓடினார் என்று சிலர் சொன்னார்கள். அவருக்கும் முகமும் இரண்டு கையும் வெந்திருந்தன. பூட்டைப் பிடித்ததால் வெந்ததா, தப்பி ஓடும்போது வெந்ததா என்று சொல்ல யாருமில்லை. கேட் கடைசிவரை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவரும் போய்ச் சேர்ந்தார். முதலாளி ஜாமீனில் இருந்தார். கேஸ் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முனிராஜின் மனைவி சுனிதாவைப் பார்த்து சாந்தகுமாரி கத்தியது பலருக்கு ஞாபகம் இருந்தது. "உன் புருஷன் பூட்டின கேட்டுலதான்டி என் தங்கச்சி வெந்தா. அவன் பிழைக்கவே கூடாது. சாவட்டும்." மறுநாள் முனிராஜ் இறந்தார். சாந்தகுமாரி அதற்காக வருத்தப்படவில்லை.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வை முக்கால்வாசி முடிந்திருந்தபோது, சுனிதா அந்த மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

மெஷின் சத்தம் நின்றது.

"அக்கா," என்றாள் சுனிதா, யாரைப் பார்த்து என்று தெரியாமல். அவளுடைய தமிழ் கன்னடத்தோடு கலந்தே வரும். "இங்க துணி குடுத்தா தைக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் ஒரு பட்டே கொண்டாந்தேன்."

அல்போன்சா எழுந்துவிட்டாள். "யாரு துணி?"

"அக்கா, அது..."

"அந்த ஆளு துணியா? என் பொண்ணு புதுநன்மை கவுனு இங்க இருக்கு. பூட்டின ஆளு சட்டையக் கொண்டாந்து அது பக்கத்துல வெச்சுத் தைக்கச் சொல்றியா? எவ்ளோ தைரியம் இருந்தா படியேறி வருவ நீ?"

"அல்போன்சாக்கா, கொஞ்சம் இருங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்று லீனா நடுவில் வந்தாள்.

"என்னா மிஸ் கேக்கறது? நீங்க கேளுங்க. நான் கேக்க மாட்டேன்."

சுனிதா சாந்தகுமாரியைப் பார்த்தாள். சாந்தகுமாரி தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தாள். நூல் போகவில்லை. மறுபடி கோத்தாள். அவள் நிமிர்ந்தபோது வாசலில் யாருமில்லை.

மாலையில் சாந்தகுமாரி கீழே இறங்கினாள். அவளை அழைத்துப்போக கோவிந்தராஜன் ஆட்டோவோடு காத்திருந்தார். வண்டி ஆடுகோடி தாண்டியபிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

"முனிராஜ் சம்சாரம் மேல வந்துச்சுல்ல. இறங்கிப் போறப்ப கீழ ஆட்டோ ஸ்டாண்டுல என்னப் பாத்துட்டு ஒரு பைய குடுத்துச்சு. உன்கிட்ட சேக்கச் சொல்லிச்சு."

"நீ எதுக்கு வாங்கின?"

"கையில திணிச்சுட்டுப் போயிருச்சு. ரோட்டுல போட்டுட்டா வர முடியும்?"

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையை அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். தூக்கி எறிந்துவிடச் சொல்லலாம் என்று காலையில் நினைப்பாள். வேலைக்கு நேரமாகிவிடும். இரவு சோறு வைக்கும்போது கண்ணில் படும். வியாழக்கிழமை கம்பெனியில் கரண்ட் போய் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள்.

அவள் நினைத்ததுபோல் வாட்ச்மேனின் காக்கிச் சட்டை இல்லை. ஒரு சின்ன கவுன் விழுந்தது. நாலைந்து வயதுக் குழந்தைக்கானது. பச்சையும் வெள்ளையுமாக, கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. இடது பக்கம் மட்டும் ஒரு பாக்கெட். கழுத்தில் வட்டக் காலர்.

சாந்தகுமாரிக்குக் காலரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காலரின் இரண்டு முனையிலும் நூலை வெட்டாமல் உள்ளே இழுத்து முடிச்சுப் போடுவது பிரபாவின் பழக்கம். "இதெல்லாம் யாருடி பாக்கப் போறா? நேரம் போவுது" என்று, வேலை கற்றுக்கொடுத்த நாட்களில் இவள் திட்டுவாள். "பாக்கறதுக்கா போடறேன்? குழந்தை கழுத்துல குத்தும்" என்பாள் அவள். சாந்தகுமாரி கவுனைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு முடிச்சும் இருந்தன. ஒரு வருடமாக வீட்டில் பிரபாவின் புடவையையும் சுடிதாரையும் தொட்டுத் தொட்டு அழுதிருக்கிறாள். ஆனால் பிரபா கையால் தைத்தது என்று ஒரு துணிகூட அவளிடம் இருக்கவில்லை. எல்லாம் கடைக்குப் போய்விட்டிருந்தது, ஏதேதோ ஊர்க் குழந்தைகளுக்கு.

அவள் கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுனிதாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பொம்மனஹள்ளியிலேயே, சிமெண்ட் ஷீட் போட்ட வரிசை வீடுகளில் கடைசி. அடுத்த நாள் சாயங்காலம் சாந்தகுமாரி போனபோது சுனிதா அப்போதுதான் அபார்ட்மெண்ட் ஒன்றில் துப்புரவு வேலை முடிந்து வந்திருந்தாள். மகள் சிஞ்சனா தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரியைப் பார்த்ததும் சுனிதா பயந்துபோய், மகளை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

"பயப்படாத," என்றாள் சாந்தகுமாரி. "பையத் தொறந்து பாத்தேன். அதான் வந்தேன்."

சுனிதா பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சாந்தகுமாரி அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"பிரபா உனக்கு எப்படி..."

"தினமும் மதியம் எங்க ஆளு கேபின்ல வந்துதான் சாப்பிடுவா அக்கா. மேல ஃபேன் இல்லன்னு. நான் ராகி முத்தே, களி, செஞ்சு குடுத்தனுப்புனா அவ பாதி வாங்கிப்பா, அவ சோத்த இவருக்குக் குடுப்பா. எங்க பாப்பா ஹுட்டு ஹப்பத்துக்கு, பர்த்டேக்கு, அவதான் இத தைச்சுக் குடுத்தா. பாப்பாவுக்கு இப்ப பத்தல. அக்காகிட்ட குடுத்தா வெட்டித் தைப்பீங்கன்னு நெனச்சேன். பிரபா கையில தைச்சது. உங்களுக்குத்தானே சேரணும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல விடல அக்கா."

சாந்தகுமாரி சுவரைப் பார்த்தாள். சாமி படத்துக்குக் கீழே முனிராஜின் படம் இருந்தது. ஆதார் கார்டு போட்டோவைப் பெரிதாக்கியது, கொஞ்சம் மங்கலாக. ஒரு வருடமாக அவள் மனதுக்குள் வைத்துப் பொசுங்கிக்கொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டுவிட்டாள்.

"சுனிதா, ஒண்ணு கேக்கறேன். அவரு கேட்டத் தொறக்கப் போனாரா? இல்ல ஓடிட்டாரா?"

சுனிதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"கொத்தில்ல அக்கா," என்றாள். "எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில காதுகிட்ட போய்க் கேட்டேன். சாவி எங்க, என்னாச்சு, சொல்லுன்னு. கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு. அவ்வளவுதான். தொறக்கத்தான் போனாருன்னு நான் சொல்லலாம். நீங்க நம்பினாலும் நம்புவீங்க. ஆனா எனக்குத் தெரியாதே. தினமும் அவரு படத்தப் பாத்து நானும் இதத்தான் கேக்கறேன்."

வெளியே சிஞ்சனாவும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"பூட்டறது தப்புன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். வேண்டாம்னு ஒரு தடவ முதலாளிகிட்ட சொன்னாரு. வேலை வேணுமா வேண்டாமான்னு கேட்டாராம். அதுக்கப்புறம் இவரு பேசல. பூட்டினாரு. நானும்தான் சரி விடு, வேலை போச்சுன்னா என்ன பண்றதுன்னு சொன்னேன்."

சாந்தகுமாரி தன் கம்பெனியை நினைத்தாள். அங்கேயும் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. துணி மூட்டைகளை அதன்மேல் சாய்த்துத்தான் அடுக்குவார்கள். அவள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் தைக்கிறாள். தீ விபத்துக்குப் பிறகும்தான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும்தான் சொன்னாங்க அக்கா. நீங்க மட்டுமா."

அப்படிச் சொல்லிவிட்டு சுனிதா டீ போட எழுந்தாள். அவள் முதுகைப் பார்த்தபடி சாந்தகுமாரி கேட்டாள்: "அவரு சட்டை ஏதாவது இருக்கா?"

சுனிதா திரும்பினாள். என்ன கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது அடுப்பை அணைத்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தாள். முனிராஜ் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருந்ததாம். அதை வெட்டி மகளுக்குத் தலையணை உறை தைத்துவிட்டாளாம். அது இல்லாமல் குழந்தை தூங்க மாட்டாள். மிச்சம் இருந்தது ஒரு கை மட்டும்.

"இது போதுமா அக்கா?"

"போதும். ஞாயித்துக்கிழமை நீயே எடுத்துட்டு வா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"பேடா அக்கா. அந்த அம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும். நான் இருக்கேன்ல."

ஆனால் சாந்தகுமாரிக்கு அவ்வளவு தைரியம் இருக்கவில்லை. அந்த ஞாயிறு சுனிதாவைக் கூட்டிப்போகாமல், சட்டைக் கையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, முதலில் தான் மட்டும் போனாள். கவுனை எல்லோருக்கும் காட்டி நடந்ததைச் சொன்னாள். ரத்னம்மா கவுனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அல்போன்சாவுக்கே கண் கலங்கிவிட்டது. "தெரியாமப் பேசிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

பிறகு சாந்தகுமாரி நீலக் கட்டத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். யாருடையது என்று சொன்னாள்.

அல்போன்சாவின் முகம் மாறிவிட்டது.

"இது வேற, அது வேற. கவுனு பிரபா தைச்சது. அத வைங்க. இது எதுக்கு?"

"அவரும் அந்தத் தீயிலதான செத்தாரு?"

"அவன் பூட்டினான்."

"பூட்டச் சொன்னாங்க, பூட்டினாரு."

"அப்ப நாளைக்கு முதலாளி சட்டையயும் கேட்டு வாங்கித் தைப்பியா?"

"மாட்டேன்," என்றாள் சாந்தகுமாரி. "முதலாளி உயிரோட இருக்கான். அவன் கோர்ட்டுல பதில் சொல்லட்டும். இவரு என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. அவரு பொண்டாட்டிக்கும் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. மதியம் பிரபாகூட உக்காந்து சாப்பிட்ட மனுஷன். அத எனக்கு அவ சொல்லித்தான் தெரியும். என் தங்கச்சி அங்க தினமும் யாருகூட சோறு தின்னான்னே எனக்குத் தெரியலயே."

லீனா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "நான் முடிவு பண்ண முடியாது. இழந்தவங்க நீங்க" என்றாள். ரத்னம்மா "ஹாக்கி" என்று ஒரே வார்த்தையில் போடச் சொன்னாள். மற்ற மூன்று வீட்டாரில் இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருத்தி எதுவும் சொல்லவில்லை.

அல்போன்சா யாரோடும் சண்டை போடவில்லை. போர்வையின் நடுவில் ஆஞ்சலாவின் வெள்ளைத் துண்டு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். மெஷின்மேல் கிடந்த ஒரு பிளேடை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். துணி கிழியாமல், பொறுமையாக. யாரும் தடுக்கவில்லை. பிரித்து முடித்ததும் நான்கு பக்கத்திலும் தொங்கிய நூலைப் பிய்த்துவிட்டு, துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். போர்வையின் நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. அதற்குள் மேஜையின் மரம் தெரிந்தது.

"தப்புப் பண்ணிட்டனா மிஸ்?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"தெரியல," என்றாள் லீனா. "ஆனா இந்த ஓட்டைய நாம மூடக்கூடாது. அவங்க வரலன்னா இப்படியே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு அல்போன்சா வரவில்லை. சுனிதா வந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் தைத்தாள், யாராவது பேசினால் பதில் சொன்னாள். பிரபாவின் மஞ்சள் துப்பட்டாவை ஏற்கெனவே ஒரு கட்டமாகத் தைத்திருந்தார்கள். அதன்மேல் சாந்தகுமாரி அந்தக் கவுனை வெட்டாமல் முழுதாக வைத்து, ஓரம் முழுக்கக் கையாலேயே தைத்துச் சேர்த்தாள். முனிராஜின் சட்டைக் கையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் தள்ளிப்போட்டார்கள்.

நினைவு நாளுக்கு முந்தின ஞாயிறு. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்து வேலை ஆரம்பித்தபிறகு அல்போன்சா படியேறி வந்தாள். கூடவே அவள் கணவர் ரெமிஜியஸ், பெயிண்டர், அதுவரை ஒரு தடவைகூட அங்கே வராதவர். வாசலிலேயே நின்றுகொண்டார். அல்போன்சா நேராக மேஜைக்கு வந்து வெள்ளைத் துண்டை எடுத்து அந்த ஓட்டையின்மேல் வைத்தாள்.

"வீட்டுல மேரி மாதா படத்துக்கு முன்னால வெச்சுப் பாத்தேன் மிஸ்," என்றாள் லீனாவிடம். "பீரோவுல வெச்சேன். எங்க வெச்சாலும் வெறும் துணியா இருக்கு. இவரு சொன்னாரு, அந்தப் படியில அவ தனியா இல்லடி, அஞ்சு பேரு கூட இருந்தாங்க, ஒருத்தர ஒருத்தர் பிடிச்சிட்டுதான் இருந்தாங்கன்னு போலீஸ்காரங்களே சொன்னாங்களே, நீ எதுக்கு அவளத் தனியாப் பிரிச்சுக் கொண்டாந்துட்டன்னு. அதுக்கப்புறம் எனக்கு..." வெள்ளைத் துண்டைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.

பிறகு மூலையிலிருந்த சுனிதாவைப் பார்த்துத் திரும்பினாள். சுனிதா எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு உன்னப் பேச விடாமத் திட்டினது தப்பு. அத ஒத்துக்கறேன். ஆனா உன் வீட்டுக்காரர என்னால மன்னிக்க முடியல. நடிக்க வரல எனக்கு. அவரு சட்டை இதுல இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. என் பொண்ணு பக்கத்துல மட்டும் வேண்டாம்."

"ஆய்த்து அம்மா," என்றாள் சுனிதா. சரி என்று தலையையும் ஆட்டினாள்.

"பிரபா பக்கத்துல வைங்க," என்றாள் சாந்தகுமாரி.

அப்படியே வைத்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் அந்தந்த வீட்டார் தங்கள் எழுத்திலேயே நூலால் தைத்திருந்தார்கள், தமிழிலும் கன்னடத்திலும். முனிராஜின் பெயரை சுனிதா கன்னடத்தில் தைத்தாள். வெள்ளைத் துண்டை அல்போன்சா தானே மறுபடி தைத்துச் சேர்த்தாள். ரெமிஜியஸ் உள்ளே வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நினைவு நாளன்று காலையில் பொம்மனஹள்ளியில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்றார்கள். கதவுக்கு சீல் வைத்திருந்தது. மேல்மாடி ஜன்னல்களைச் சுற்றிக் கரி இன்னும் போகவில்லை. கூட்டம் பெரிதாக இல்லை. ஆறு வீட்டார், யூனியன்காரர்கள் சிலர், உயிர் தப்பிய பெண்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். போர்வையை விரித்தபோது தெருவின் அகலத்துக்கு வந்தது. ஆட்டோக்கள் நின்றன. ஒரு பஸ் வளைவிலேயே நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்து, பார்த்துவிட்டு நிறுத்தினார். லீனா ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏழாவது பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். உயிர் தப்பிய ஒரு பெண் விலகித் தெருமுனைக்குப் போய்விட்டாள். லீனா நிறுத்தாமல் வாசித்து முடித்தாள்.

சுனிதா போர்வையைப் பிடிக்கவில்லை. மகளோடு பின்னால், ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் நின்றிருந்தாள்.

எல்லோரும் மௌனமாக நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. முதலில் தூறல், பிறகு சடசடவென்று. போர்வை நனைந்து கனத்தது. ஓரத்தில் நின்ற வயதானவர்களால் தாங்க முடியவில்லை. ஒரு மூலை சரிந்து தெருவின் சேற்றுத் தண்ணீரில் படப் போனது.

"சுனிதா!" என்று அல்போன்சா அதட்டினாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "நின்னு பாத்துட்டு இருக்கியே, அந்த மூலையப் பிடி, கீழ படுது!"

சுனிதா ஓடிவந்து பிடித்தாள். மகளும் கூட ஓடிவந்து அம்மாவின் கைக்குக் கீழே தன் கையை வைத்துத் தாங்கினாள். கோவிந்தராஜன் ஆட்டோவிலிருந்து இறங்கி இன்னொரு பக்கம் போனார். தெருமுனைக்குப் போயிருந்த பெண் திரும்பி வரவில்லை. மழை விடும்வரை அப்படியே நின்றார்கள்.

பிறகு எல்லோருமாகப் போர்வையைச் சுருட்டிக் கோவிந்தராஜன் ஆட்டோவில் ஏற்றினார்கள். விவேக் நகர் மாடியில் காயப்போட வேண்டும். பின்சீட்டில் பாதியைப் போர்வையே அடைத்துக்கொண்டது. மீதி இடத்தில் சாந்தகுமாரியும் அல்போன்சாவும் ஏறினார்கள். சுனிதா கடை ஓரத்தில் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அல்போன்சா வெளியே தலையை நீட்டினாள். "நீயும் வா. இந்தக் கனத்துக்கு ரெண்டு பேர் பத்தாது, பிழியணும்."

சுனிதா தயங்கினாள். சாந்தகுமாரி நகர்ந்து உட்கார்ந்து இடம் செய்தாள். சுனிதா ஏறியபிறகு குழந்தைக்கு இடமில்லை. அல்போன்சா சிஞ்சனாவைத் தூக்கித் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். ஆட்டோ ஓசூர் ரோட்டில் ஏறியது. நனைந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டி எல்லோருடைய காலும் நனைந்தது. சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றபோது அல்போன்சா குழந்தையிடம் கேட்டாள்.

"என்ன கிளாஸ் படிக்கிற?"

"எரடனே கிளாஸ்," என்றாள் சிஞ்சனா.

"ரெண்டாவதா? நல்லாப் படிக்கிறியா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு தனக்குக் கணக்கு மட்டும் வராது என்று கன்னடத்தில் சொன்னது. ஆஞ்சலாவுக்கும் கணக்கு வராது என்றாள் அல்போன்சா. சிக்னல் விழுந்தது.